சீஸும் தயிர்ச் சட்டியும்

ஒட்டுசுட்டான்

அன்பு மச்சான்,

உன் தங்கச்சி கொண்டுவந்த பொதி பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆடி வெயிலில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வான் வண்டியில் வந்த ஒரு ரெப்லோஷோன் சீஸ் எவ்வளவு பத்திரமாக இருக்குமோ அவ்வளவு பத்திரம். அம்மா பையைத் திறந்ததும் எலி செத்துக் கிடக்கிறதோ என்று குசினி முழுக்கத் தேடினா. முக்கோணச் சீஸ் மட்டும் தெரிந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். நான் தோலோடு வெட்டி, இளகி ஓடிய அந்த மஞ்சள் களியை ரொட்டியில் பூசி ஒரு பாதியை இருந்த இருப்பிலேயே முடித்தேன். மாட்டுக் கொட்டிலில் வளர்ந்தவனுக்கு அந்த மணம் ஒன்றும் புதிது இல்லையே.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ அப்படியே. மூத்தவளுக்கு அடுத்த வருசம் உயர்தரம். முத்தையன்கட்டுக் குளத்தில் தண்ணீர் இருந்தபடியால் சிறுபோக நெல் தப்பியது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு மாடும் எருமையும் உள்ள வன்னியில் ஏன் ஒருவரும் நல்ல சீஸ் செய்வதில்லை, காசு நான் போடுகிறேன், தொடங்குவோமா என்று எழுதியிருக்கிறாய். மச்சான், நீ இருக்கிற பிரான்சின் சவோய் மலையில் நிலத்தைத் தோண்டினால் குளிர். இங்கே தோண்டினால் வெக்கை. ரெப்லோஷோன் போன்ற சீஸைப் பழுக்க வைக்கக் குளிரும் ஈரமும் குறையாத அறை வேண்டும். அதை இங்கே மின்சாரத்தால்தான் செய்ய வேண்டும். கரண்ட் பில்லைக் கட்டிவிட்டு மிஞ்சுவதைப் பார்த்தால் உனக்கே சிரிப்பு வரும். பிறகு, கட்டியான சீஸ் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 10 லீற்றர் பால் வேண்டும். நீ சொன்ன கொம்தே சீஸ் ஒரு சக்கரத்துக்கு 400 லீற்றர், அதுவும் ஆகக் குறைந்தது 4 மாதம் விற்காமல் வைத்திருக்க வேண்டும். இங்கே பால்காரனுக்கு கிழமைக் கடைசியில் காசு கையில் வராவிட்டால் தவிட்டுக்கே வழியில்லை.

உங்கள் ஊர் ஆட்கள் கோடைப் பாலைப் பனிக்காலத்துக்குச் சேமிக்கக் கண்ட வழி சீஸ். எங்கள் ஆட்கள் மாரி முடிந்து தை, மாசியில் புல்லும் பாலும் பெருகும்போது நெய் உருக்கி வைத்தார்கள். அந்த வெயிலைத் தாங்கக்கூடியது நெய்தான். அவரவர் நாட்டுக் காலநிலைக்கு அவரவர் மூளை வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, உறை. பழைய பிரெஞ்சுச் சீஸ்களுக்குப் பாலைத் திரைய வைப்பது கன்றின் நாலாம் வயிற்றில் இருந்து எடுக்கும் ரென்னெட். இதை அம்மாவுக்கு விளக்கினேன். "கண்டுக்கு வந்த பாலைக் கண்டின்ர வயித்தாலயே உறைய வைக்கிறதோ?" என்று கேட்டுவிட்டு, பொதியில் மிஞ்சியிருந்ததைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டா. போர்த்துக்கலில் முட்செடிப் பூவால் திரைய வைக்கிறார்கள், இப்போது பூஞ்சணத்தில் இருந்து செய்த ரென்னெட்டும் கிடைக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

ஆனால் ரெப்லோஷோன் பிறந்த கதை அவவுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. பண்ணைக்காரர் கறந்த பாலை அளந்து குத்தகை எடுக்க வருவாராம். குடியானவன் பாதி கறந்து காட்டிவிட்டு, அவர் போன பிறகு மீதியைக் கறப்பானாம். கடைசிப் பாலில்தானே கொழுப்பு அதிகம், அதில் செய்ததுதான் இது. நாங்கள் அந்தக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுகிறோம். "அங்கயும் எங்கட ஆக்கள் மாதிரித்தான்" என்று அம்மா அந்தக் கள்ளக் கறவைக்காரன் பக்கம் சேர்ந்துவிட்டா.

எங்களிடம் இருக்கிற பண்ணைச் சரக்கு எருமைத் தயிர், மச்சான். பக்கத்து வீட்டு அக்கா செய்வதை நேற்று நின்று பார்த்தேன். விறகடுப்பில் பால் பொங்கி அடங்க வேண்டும், பிறகு சுண்டுவிரல் பொறுக்கிற சூட்டுக்கு இறங்க வேண்டும். முதல் நாள் தயிரில் கொஞ்சம் எடுத்துச் சட்டியின் உட்புறம் பூசி, பாலை உயரத்தில் இருந்து மெல்ல ஊற்றுகிறா. நுரை மேலே நிற்க வேண்டுமாம், அதுதான் விடியப் பார்க்கும்போது ஏடாக நிற்கும். மெருகு போடாத மண்சட்டி நீரை உறிஞ்சுவதால் தயிர் இறுகுகிறது. பசுப்பாலில் கொழுப்பு 4 வீதம் அளவில் இருந்தால் எருமைப்பாலில் 7, 8 வரை போகும். காலையில் சட்டியைச் சரித்துக் காட்டினா, தயிர் அசையவில்லை. கடதாசியால் மூடி நூலால் கட்டினால் வேலை முடிந்தது. அறையும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

அக்காவின் கஷ்டம் சட்டி வாசலைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது. ஒருவர் பட்டா என்கிற சின்ன லொறியில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார். கடையில் அது வெறும் தயிர். பால்மாவும் ஜெலட்டினும் கலந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பக்கத்தில் அதே விலைக்கு நிற்கிறது. யார் கறந்தது, எருமை எங்கே மேய்ந்தது, ஒருவருக்கும் தெரியாது.

இதனால்தான் உன் சீஸில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பச்சை வில்லை. தோலோடு ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். பண்ணையில் சொந்த மாட்டுப் பாலில் செய்ததற்குப் பச்சை, பல பண்ணைப் பாலைச் சேர்த்துத் தொழிற்கூடத்தில் செய்ததற்குச் சிவப்பு என்று நீயே எழுதியிருந்தாய். அதில் உள்ள இலக்கத்தை வைத்துச் செய்தவனைப் பிடித்துவிடலாம். 1958இல் இருந்து அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு. எந்த மூன்று இனப் பசுவின் பால் என்பதுகூட எழுதி வைத்திருக்கிறார்கள், புளிக்க வைத்த தீவனம் போடக்கூடாது என்றும் இருக்கிறது. புல்லைப் பற்றி ஒரு சட்டம்! இங்கே காலபோகம் விதைத்ததும் பட்டி மாடுகளை எங்கே சாய்ப்பது என்று தெரியாமல் ஆட்கள் அலைகிறார்கள். பழைய மேய்ச்சல் தரை ஒன்றில் வயல், இன்னொன்றில் எல்லைக் கல். மாடு வயலுக்குள் இறங்கினால் கட்டாக்காலி என்று பிடித்துக் கட்டுகிறார்கள். சீஸ் தொட்டியும் குளிரறையும் வாங்குகிற காசு இருந்தால் முதலில் மேய்ச்சல் தரைக்கு வழி பார்க்க வேண்டும்.

உனக்குச் சீஸ்தான் வேண்டும் என்றால் பிறகு ஒரு நாள் சைப்ரஸ்காரரின் ஹலூமி மாதிரி ஒன்று செய்து பார்க்கலாம். உப்புநீரில் கிடப்பது, பொரித்தாலும் உருகாது. ஆனையிறவு உப்பு பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது பிறகு.

இப்போதைக்கு நான் நினைத்திருப்பது சின்ன விசயம். சட்டி காய முன்னர், ஈர மண்ணில் அந்தந்த வீட்டுப் பட்டிக் குறியை அச்சாகக் குத்திவிடுவது. மாட்டில் சுடுகிற அதே குறி. 2009க்குப் பிறகு திரும்பி வந்த ஆட்கள் காடு முழுக்கத் திரிந்து தங்கள் மாட்டை அடையாளம் பிடித்தது அந்தக் குறியால்தானே. சட்டி வனைகிறவர் சம்மதித்துவிட்டார், அச்சைத் தச்சரிடம் முதிரைக் கட்டையில் கேட்டிருக்கிறேன். அக்கா தன் குறியை வரைந்து தந்துவிட்டா. உங்கள் அப்பாவின் பட்டியில் மிஞ்சியதை இப்போது உன் சித்தப்பா பார்க்கிறார், அவரும் தயிர் போடுகிறார். அவருக்குக் குறி வளைவு எந்தப் பக்கம் என்று சரியாக நினைவில்லை. அப்பாவிடம் கேட்டு ஒரு தாளில் வரைந்து வட்ஸ்அப்பில் அனுப்பு. இந்தக் கிழமைக்குள் வந்தால் முதல் சூளையிலேயே சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி