கல்லறைத் தோட்டத்துச் சிப்பாயைக் கழுவப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நினைவு நாளுக்குள் அந்தப் போர்வீரர் சிலையைப் பளபளவென்று ஆக்கிவிடுவேன் என்றாய். மனசு நிறைந்துவிட்டது. அப்புறம் உன் வாளிக்குள் ஆசிட் பாட்டிலும் கம்பி பிரஷும் கிடப்பதைப் பார்த்தேன். தயவுசெய்து இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சலவைக்கல் பலகையை நானும் கம்பி பிரஷால்தான் தேய்த்தேன். பாசி போனது, கல் வெளுத்தது, பெருமையாக இருந்தது. கையை எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் சர்க்கரை மாதிரி வெள்ளைப் பொடி. அது அழுக்கு இல்லை, கல். வெட்டிய எழுத்தின் விளிம்புகளை நானே உதிர்த்திருந்தேன். அந்தப் பெயருக்குரியவனிடம் இன்றுவரை மனசுக்குள் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆசிட் சலவைக்கல்லைக் கரைத்துவிடும். பிளீச்சிங் பவுடர் கல்லுக்குள் உப்பை விட்டுவிட்டுப் போகும்; அந்த உப்பு படிகமாகிப் படிகமாகிக் கல்லைப் பொரியவைக்கும். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். முதலில் கல்லை நன்றாக நனை, கீழிருந்து மேலே கழுவு, அடிக்கடி அலசு. வெண்கலச் சிப்பாய் மேல் இருக்கும் பச்சைக் களிம்பைத் தொடாதே. வெண்கலத்தில் இருக்கும் செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டானது அது. சுரண்டினால் கூடவே உலோகமும் போகும். எங்காவது அரித்திருந்தால் சிலைப் பராமரிப்பு தெரிந்தவர் வந்து பார்க்கட்டும்.

சிலையின் முகத்தில் ஏன் தனி அடையாளமே இல்லை என்று கேட்டாய் அல்லவா? அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஊர் ஊராக இப்படிச் சிலை வைத்தபோது, பல ஊர்கள் கேட்லாக் பார்த்துத்தான் வாங்கின. துப்பாக்கிக் கட்டை தரையில், குழலைப் பிடித்த இரண்டு கைகள், அதே நிற்கும் தோரணை. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு கம்பெனி துத்தநாகத்தில் வார்த்து, 'வெள்ளை வெண்கலம்' என்று பெயர் வைத்து விற்றது. இதைக் குறையாக நான் நினைக்கவில்லை. யார் முகமும் இல்லாததால்தான் எந்தத் தாயும் அவனைத் தன் மகன் என்று பார்க்க முடிந்தது.

ஏனென்றால் நிறையப் பேருக்கு வேறு கல்லறையே கிடையாது. அந்தப் போரில் இறந்து, தேசியக் கல்லறைகளில் 1870க்குள் மறுபடி அடக்கம் செய்யப்பட்ட சுமார் 3,00,000 வடதரப்பு வீரர்களில் பாதிக்கு நெருக்கமானவர்கள் யாரென்றே தெரியவில்லை. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் உடல்களை பிரிட்டன் ஊருக்குக் கொண்டுவர விடவில்லை. விழுந்த நாட்டிலேயே அடக்கம். வீட்டில் இருந்தவர்களுக்குப் பூ வைக்கக் கிடைத்தது சிலையின் காலடியும் அதில் வெட்டிய ஒரு பெயரும்தான்.

அதனால் சிலை மங்கலாக இருந்தால் இருக்கட்டும், பெயர்களைக் காப்பாற்றுவோம். வரும்போது ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்து வா. டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பும். நீ படி, நான் எழுதிக்கொள்கிறேன். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து இரண்டு முறை வரும் இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படி.

கடைசி வரிசையில் மூன்றாவது பெயர் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. உன் கண் இளங்கண். சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு.

அன்புடன்,
அண்ணன்