ரெம்பிராண்டை முன்பே கண்டுகொண்டவருக்கு

மதிப்பிற்குரிய கான்ஸ்டன்டைன் ஹைகென்ஸ் ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் குடும்பப் பெயர் எங்கள் ஊரில் ப்ளஸ் டூ இயற்பியல் படித்த எல்லோருக்கும் தெரியும். ஒளி அலையாகப் பரவுவதை விளக்கும் ஹைகென்ஸ் தத்துவம் பரீட்சைக்கு வந்துவிடும் என்று விழுந்து விழுந்து படிப்போம். அதைச் சொன்ன கிறிஸ்டியான் உங்கள் இரண்டாவது மகன். நான் எழுதுவது அவருடைய அப்பாவுக்கு.

1625-இல் நெதர்லாந்தின் ஆரஞ்சு வம்சத்து இளவரசர் ஃபிரெட்ரிக் ஹென்ட்ரிக்கிடம் செயலாளராகச் சேர்ந்தீர்கள். ஸ்பெயினோடு போர் நடந்த காலம். இளவரசர் படையோடு கிளம்பினால் நீங்களும் கிளம்ப வேண்டும். வருகிற கடிதம், போகிற கடிதம், சங்கேத எழுத்தில் வந்ததைப் பிரித்துப் படிப்பது என எல்லாம் உங்கள் தலையில். தாமஸ் தெ கெய்சர் 1627-இல் வரைந்த உங்கள் படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. மேசைமேல் நீண்ட கழுத்துள்ள லூட் என்ற தந்தி வாத்தியம், பூகோள உருண்டைகள், காகிதங்கள். காலில் பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு பையன் கடிதத்தோடு நிற்கிறான். வாசிக்க விடாமல் உத்தியோகம் கூப்பிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்த நெருக்கடிக்கு நடுவில், 1629 வாக்கில், லெய்டன் நகரத்தில் இரண்டு இளம் ஓவியர்களைக் கண்டுகொண்டீர்கள். யான் லீவென்ஸ், ரெம்பிராண்ட். ஒருவர் துணியில் பூத்தையல் போடுபவரின் மகன், இன்னொருவர் மாவு அரைக்கும் ஆலைக்காரர் மகன். லத்தீனில் எழுதிய தன்வரலாற்றில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, உணர்ச்சியை உயிரோடு கொண்டுவருவதில் ரெம்பிராண்ட் மேல், கற்பனையின் பிரம்மாண்டத்தில் லீவென்ஸ் மேல் என்று எழுதினீர்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்து வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுக்க வரும் யூதாஸை ரெம்பிராண்ட் வரைந்த படத்தைப் பற்றி நீங்கள் எழுதிய பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. கோணிய முகம், பிய்த்துக்கொண்ட தலைமுடி, கிழிந்த சட்டை, இறுகப் பின்னிய கைகள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகிறீர்கள். பழங்கால கிரேக்க ஓவியர்கள்கூட இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று, மீசைகூட முளைக்காத ஒரு பையனைத் தூக்கி வைக்கிறீர்கள். பெரிய பெயர் வந்த பிறகு பாராட்டுவது யாருக்கும் எளிது. நீங்கள் இதை எழுதும்போது அவருக்கு வயது 23 இருக்கும்.

லீவென்ஸ் உங்களையே வரைய ஆசைப்பட்டு வந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். குளிர்காலம், பகல் குறைவு. கைகளையும் உடையையும் முதலில் முடித்துவிட்டு, முகத்தை வசந்தத்துக்குத் தள்ளிவைத்தாராம். உங்களை மாதிரி வேலை மிகுந்த ஒரு மனிதர் அதற்கும் உட்கார்ந்து கொடுத்திருக்கிறீர்களே!

சரி, எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். இளவரசருக்காக ரெம்பிராண்ட் கிறிஸ்துவின் பாடுகளை வரிசையாக வரைந்தார். அவர் எழுதியதில் இன்று நம் கையில் இருப்பது ஏழே கடிதங்கள். ஏழும் இந்தப் படங்கள் விஷயமாக உங்களுக்கு எழுதியவை. 1639 ஜனவரியில் அவர் ஆம்ஸ்டர்டாமில் 13,000 கில்டருக்கு (அந்தக் கால டச்சு நாணயம்) வீடு வாங்கியிருந்தார், பணம் அவசரம். கடைசி இரண்டு படங்களுக்குத் தலா 1,000 கில்டர் கேட்டார். கிடைத்தது தலா 600. அப்புறம் படச் சட்டகத்துக்கும் பெட்டிக்கும் 44. கஜானா இளவரசருடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படங்கள் எப்பேர்ப்பட்டவை என்று அந்த அரண்மனையில் உங்களைவிட அறிந்தவர் யார்? இன்று மியூனிக்கில் இருக்கும் அவற்றை நினைக்கும்போதெல்லாம் அந்த 400 கில்டர் வித்தியாசம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதே மாதம் ரெம்பிராண்ட், உங்கள் விருப்பத்தை மீறி என்று சொல்லியே, ஒரு பெரிய படத்தை உங்களுக்குப் பரிசாக அனுப்பினார். நல்ல வெளிச்சத்தில் மாட்டுங்கள், தள்ளி நின்று பார்க்க இடம் விடுங்கள், அப்போதுதான் ஜொலிக்கும் என்று குறிப்பும் எழுதினார்.

அந்த வருடங்களில் உங்கள் மனம் எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. யாகோப் வான் காம்பென் வரைந்த படத்தில் நீங்களும் உங்கள் மனைவி சுசன்னாவும் ஒரே இசைத்தாளைப் பிடித்திருக்கிறீர்கள். 1637 மார்ச்சில் மகள் பிறந்தாள், மே மாதம் சுசன்னா இறந்துபோய்விட்டார். இருவரும் சேர்ந்து கழிக்கும் ஒரு நாளைப் பற்றி எழுதிவந்த நீண்ட கவிதையை அப்படியே நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு ஐம்பது வருடம் வாழ்ந்தும் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

நான் உங்களை இவ்வளவு மதிப்பதற்கு இன்னொரு காரணம் டெல்ஃப்ட் நகரத்துத் துணிக்கடைக்காரர் லேவன்ஹூக். லத்தீன் தெரியாது, பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. தானே லென்ஸ் தேய்த்து நுண்ணோக்கி செய்துகொண்டிருந்தார். 1673 ஆகஸ்டில் லண்டனில் இருந்த விஞ்ஞானி ராபர்ட் ஹுக்குக்கு அவரைப் பற்றி நீங்கள் எழுதினீர்கள்: படிப்பாளி இல்லை, ஆனால் இயல்பிலேயே மிகுந்த ஆர்வமும் உழைப்பும் உள்ளவர் என்று. அப்போது உங்களுக்கு வயது 76. ஆலைக்காரர் மகனிடம் குலத்தையும் குருவையும் பார்க்காத அதே கண், நாற்பது வருடம் கழித்தும் மங்கவில்லை. மூன்று வருடத்தில் அந்தத் துணிக்கடைக்காரர் தண்ணீருக்குள் நெளியும் நுண்ணுயிர்களைப் பற்றி லண்டனுக்கு எழுதினார். அதையும் நீங்கள் இருந்து பார்த்தீர்கள்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எண்ணூறுக்கு மேல் இசையமைத்ததாகச் சொன்னீர்கள். கடிதங்களும் கவிதைகளும் கட்டுக்கட்டாகப் பிழைத்திருக்க, இசை ஏடுகள் பெரும்பாலும் தொலைந்துவிட்டன. 1647-இல் பாரிஸில் அச்சான 39 பாடல்கள்தான் முக்கியமாக மிஞ்சின. விவிலியச் சங்கீதங்களுக்கு லத்தீனில் இருபது, மற்றவை இத்தாலியிலும் பிரெஞ்சிலும். அவற்றைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்