கண்டிப்பு அல்ல பிரச்சினை

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. விடைத்தாள் திருத்தும் காலம், அதனால்தான் தாமதம். முழங்கால் வலி குறைந்திருப்பதில் சந்தோஷம். நடப்பதை மட்டும் விட்டுவிடாதே.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். "நான் வகுப்புக்குப் போகாவிட்டால் யாருக்கும் தெரியாதுப்பா" என்று கல்லூரியின் முதல் பருவத்திலேயே சொல்கிறாள் என்றால், சோம்பல் என்று தள்ளிவிடாதே. மாணவர்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்ட்டோ 1975-லேயே எழுதியிருக்கிறார். மதிப்பெண் ஒரு காரணம். அங்குள்ள மனிதர்களோடும் வாழ்க்கையோடும் ஒட்ட முடியாமல் போவது இன்னொன்று. பாடம் புரியவில்லை என்று போகிறவர்களைத் தடுத்துவிடலாம். 'இது எனக்கான இடமில்லை' என்று முடிவு செய்தவர்கள் சொல்லிக்கொள்ளாமலே போய்விடுவார்கள்.

பேராசிரியர்கள் ரொம்பக் கண்டிப்போ என்று கேட்டிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் 1939-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. பத்து வயதுச் சிறுவர்களின் குழுக்களை மூன்று விதமாக நடத்திப் பார்த்தார்கள். அதிகாரம் செய்யும் தலைவர், கலந்து பேசி முடிவெடுக்கும் தலைவர், எதிலும் தலையிடாத தலைவர். அதிகாரம் செய்த தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுவில் தலைவர் இல்லாதபோதும் வேலை நடந்தது. எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். என்னை யோசிக்க வைப்பது மூன்றாவது ஆள்தான். "நான் மாணவர்களைச் சுதந்திரமாக விட்டுவிடுவேன்" என்று பெருமையாகச் சொல்லும் சக ஆசிரியர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதல் வருடப் பிள்ளைக்கு அது சுதந்திரமாகத் தெரியாது, தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்றுதான் தெரியும். உன் மகள் சொல்வதும் அதுவே என்று நினைக்கிறேன்.

கண்டிப்பானவர்மேல் மாணவர்களுக்குப் பயம் இருக்கும். ஆனால் அந்தக் கண்டிப்பில் 'உன்னால் முடியும்' என்பதும் சேர்ந்திருந்தால், அவரிடம்தான் அதிகம் ஒட்டுவார்கள். அமெரிக்கப் பள்ளியொன்றில் நடந்த ஆய்வை 2014-இல் வெளியிட்டார்கள். கட்டுரையைத் திருத்திக் கொடுக்கும்போது, உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரிந்துதான் இவ்வளவு குறிப்பு எழுதுகிறேன் என்று ஒரு சின்னச் சீட்டை இணைத்தார்கள். கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதிய மாணவர்களின் எண்ணிக்கை கூடியது, முக்கியமாக ஆசிரியர்களை நம்பத் தயங்கிய கறுப்பின மாணவர்களிடையே. பிழைகளை யாரும் குறைத்துக் காட்டவில்லை என்பதைக் கவனி.

மாணவரின் பெயரை ஆசிரியர் தெரிந்துவைத்திருக்கும் விஷயமும் அப்படித்தான். மேசையில் பெயர் எழுதிய அட்டையை மடித்து வைக்கச் சொன்ன ஒரு பெரிய உயிரியல் வகுப்பைப் பற்றி 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆசிரியருக்கு உண்மையில் தெரிந்த பெயர்களைவிட, 'என் பெயர் அவருக்குத் தெரியும்' என்று நம்பிய மாணவர்கள் அதிகம்! எனக்கு இது கொஞ்சம் சிரிப்பாகவும் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. பெயர்கள் எனக்கு எவ்வளவு மறக்கும் என்று உனக்குத் தெரியுமே.

இதையெல்லாம் அவளுடைய பேராசிரியர்களிடம் போய் நீ சொல்ல முடியாது. அவளிடம் சொல்லலாம். உளவியலாளர்கள் வால்டனும் கோஹனும் 2011-இல் காட்டியது உனக்கு உதவும்: 'ஆரம்பத்தில் எனக்கும் இப்படித்தான் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது' என்று சீனியர்கள் சொன்னதை முதல் வருட மாணவர்களைப் படிக்க வைத்து, ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்ணில் அதன் பலன் மூன்று வருடம் வரை தெரிந்தது. அதனால் மூன்றாம் வருடத்துப் பெண் யாரிடமாவது பேசச் சொல். அப்புறம், இருப்பதில் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுகிற ஆசிரியர் ஒருவரின் அறைக்கு, பாடத்தில் ஒரே ஒரு சந்தேகத்தோடு போகச் சொல். சந்தேகம் சின்னதாக இருந்தால் போதும். எங்களைப் போன்றவர்கள் யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருப்போம்.

அவள் என்ன சொன்னாள் என்று எழுது. தம்பியின் புது வேலை பற்றியும் எழுது, போன கடிதத்தில் பாதியில் விட்டுவிட்டாய்.

அன்புடன்,
முரளி