ஜெர்மனியில், ஹைடல்பெர்க்கில் இருக்கும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

வகுப்பு தொடங்கி நாலு வாரம் ஆகியும் ஒருத்தர்கூடப் பழக்கமாகவில்லை என்று போனில் சொன்னபோது உன் குரல் இறங்கிப்போயிருந்தது. அது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் கண்ணு, கணக்குப் போட்டுப் பார்த்தால் நாலு வாரத்தில் யாருக்கும் ஆகாது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முகம் தெரிந்த ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் கூட இருக்கவேண்டும்; நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து இலக்கணம் எழுதும் நேரம் இதில் பெரிதாகச் சேராது. சாப்பிடுவதும் விளையாடுவதும் சும்மா நடப்பதும்தான் சேரும்.

அதனால் கூச்சம் போகட்டும், பிறகு பழகலாம் என்று காத்திருக்காதே. மணிகளைச் சேர். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் பேட்மின்டன் ஒன்றரை மணி, முடிந்ததும் உடனே ஓடிவராமல் அரை மணி. வாரம் இரண்டு நாள் மென்ஸாவில், அதாவது பல்கலைக்கழக உணவகத்தில், முக்கால் மணி வீதம் மதியச் சாப்பாடு. மொத்தம் வாரத்துக்கு மூன்றரை மணி. 14 வாரத்தில் 49 மணி. பருவம் முடியும் பிப்ரவரியில்தான் நீ உன்னை மதிப்பிட வேண்டும், நவம்பரில் இல்லை.

ஒரே ஆட்கள், ஒரே கிழமை, ஒரே இடம். இதில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பேன். மொழி பழகக் கூடும் மொழிக் கஃபேக்களில் வாரத்துக்கு ஒரு புது இடம் என்று அலைந்தால், கூச்சக்காரர்களுக்கு மிகவும் கஷ்டமான அந்த முதல் பத்து நிமிடத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தாண்டவேண்டியிருக்கும். எங்கே போனாலும் பத்து நிமிடம் முன்னால் போய்விடு. அப்போது இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், அவர்களே உன்னிடம் பேச்சுக் கொடுப்பார்கள். நிறைந்த கூட்டத்துக்குள் நுழைவது எவ்வளவோ கடினம்.

மென்ஸாவுக்குக் கூப்பிட ஒரு வாக்கியம் போதும்: "கொம்ஸ்ட் டூ மிட் இன் டீ மென்ஸா?" (என்னோடு மென்ஸாவுக்கு வருகிறாயா?) வகுப்பு முடிந்து பையை எடுத்து வைக்கும்போதே கேட்டுவிடு, எல்லாரும் கதவைத் தாண்டிய பிறகு கேட்காதே. "ஹொய்டெ நிஹ்ட்" என்றால் இன்றைக்கு முடியாது என்பதுதான் அர்த்தம். அடுத்த வாரம் மறுபடி கேள்.

இனி, நம் வழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோவதால் வரும் கோளாறுகள். "நீ வரலையா?" என்று கேட்டால் நாம் "ஆமா, வரல" என்போம். அதே மனக்கணக்கில் நீ ஜெர்மனில் "யா" (ஆமாம்) என்று மட்டும் சொன்னால் கேட்டவருக்கு ஒன்றும் விளங்காது. வரவில்லை என்றால் "நைன்" (இல்லை). வருகிறாய் என்றால் "டொஹ்". இல்லையா என்று கேட்பவரிடம் 'ஏன் இல்லை, உண்டு' என்று மறுத்துச் சொல்லும் சொல் அது. இந்த ஒரு சொல் நாக்கில் வராததால் ஒரு அழைப்பே கைவிட்டுப் போகலாம்.

விடுதிச் சமையலறையில் யாராவது ஏதாவது நீட்டினால் மரியாதைக்கு முதலில் "வேண்டாம்" சொல்லாதே. நம் வீட்டில் மூன்று முறை வற்புறுத்துவோம். அங்கே ஒரு முறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தட்டு அடுத்தவரிடம் போய்விடும். வேண்டுமென்றால் முதல் தடவையே வாங்கிக்கொள். நீ எலுமிச்சைச் சாதம் கிளறினால் மூன்று பேருக்காகக் கிளறு. கொஞ்சம் ருசி பார்க்கிறாயா என்று ஒரே தடவை கேள்.

"ஹால்ப் ஆஹ்ட்" என்றால் ஏழரை மணி. எட்டரை இல்லை. ஆஹ்ட் என்றால் எட்டு என்பதால் ஏமாந்து ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பவர்கள் நிறைய. சந்தேகமாக இருந்தால் 19:30 என்று செய்தி அனுப்பி உறுதிசெய்துகொள்.

'டூ'வும் 'ஸீ'யும் நம் நீ, நீங்கள் மாதிரிதான். ஆனால் இரண்டு வயது மூத்த மாணவிக்கு மரியாதை என்று 'ஸீ' போட்டால் விலகி நிற்கிறாய் என்று நினைப்பாள். மாணவர்களுக்குள் எப்போதும் 'டூ'. கடை, அலுவலகம், ஆசிரியர் என்றால் 'ஸீ'.

பெரிய கெடுதல் எது தெரியுமா? புரியாமலே தலையாட்டுவது. நீ சிறுவயதிலிருந்தே செய்வது. தலையாட்டினால் எதிரில் இருப்பவர் வேகத்தைக் குறைக்கமாட்டார், இரண்டு நிமிடத்தில் பேச்சு உன்னை விட்டுப் போய்விடும். உனக்குப் பிடிபட்ட கடைசிச் சொல்லையே கேள்வியாகத் திருப்பிச் சொல். அவரே விளக்கிவிடுவார். அந்தப் பக்கத்துப் பேச்சுவழக்கில் 'நான்' என்று பொருள்படும் 'இஹ்' என்பதே 'இஷ்' ஆகிவிடும். காது குழம்புவது உன் குறை இல்லை. அவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவுவதும் உதவி செய்யத்தான். "பிட்டெ ஆஉஃப் டொய்ச்" (தயவுசெய்து ஜெர்மனில்) என்று சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் ஆசையான விஷயம். 1962-இல் தொடங்கிய தெற்காசிய நிறுவனம் உன் ஊரில்தான், ஃபொஸ்ஷ்ட்ராஸெயில் இருக்கிறது. அங்கே தமிழ் படிக்கிறவர்கள் உண்டு. அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டு: தமிழ்–ஜெர்மன் டான்டம் (இருவர் ஒருவருக்கொருவர் தம் மொழியைச் சொல்லிக்கொடுப்பது), வாரம் ஒரு மணி நேரம், 30 நிமிடம் தமிழ், 30 நிமிடம் ஜெர்மன். கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வலுவான மொழியே முழு நேரத்தையும் விழுங்கிவிடும். பேச்சை நடுவில் வெட்டித் திருத்தவேண்டாம். பிழைகளைக் குறித்துவைத்து, கடைசியில் மூன்றை மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். ழகரத்துக்கு நாக்கை எங்கே மடிப்பது என்று அவருக்கு நீ காட்டும் அந்த அரை மணியில் தடுமாறுகிறவர் அவர், தைரியம் சொல்கிறவள் நீ.

விடுதியில் நம் பிள்ளைகள் ஐந்து பேர் இருப்பதாகச் சொன்னாய். அவர்களை விட்டுவிடாதே, உடம்புக்கு ஒன்று என்றால் கஞ்சி வைத்துத் தருகிறவர்கள் அவர்கள். வியாழக்கிழமை பேட்மின்டன் நேரத்தில் மட்டும் அவர்கள் கூப்பிட்டால் போகாதே.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இந்த வாரம் யாரோடு மென்ஸாவில் சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்பேன். அவர் என்ன சாப்பிட்டார் என்றும் சொல்லு.

அன்புடன்,
அம்மா