மூணேகால் கட்டை

சுங்கை சிப்பூட், மலேசியா

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பேரன் எண்கோட்டில் 3-க்கும் 4-க்கும் நடுவே நாலு கோடு போட்டு, முதல் கோட்டில் 3¼ என்று எழுதியிருக்கிறான். அவனைத் திட்டாதேம்மா. அதே தப்பை நான் பத்தொன்பது வயதில் செய்தேன்.

செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் கன்று நட கயிறு பிடித்த நாள் அது. ரெண்டு முனையிலும் முளை அடித்தாயிற்று. இடையை நாலு சம பாகமாகப் பிரிக்கச் சொன்னார் எங்களை மேய்த்த மேஸ்திரி, தண்டல். நாலு பாகத்துக்கு நாலு குச்சிதானே என்று அடித்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் நின்று மண்ணை மிதித்தார்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சு! கூட இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நாலு பாகம் வேண்டுமென்றால் நடுவே மூணு குச்சிதான். பேரன் 3¼ என்று எழுதிய இடம் உண்மையில் 3⅕. கோட்டை எண்ணாதே, இடைவெளியை எண்ணு என்று சொல்.

டவுனிலிருந்து நம் தோட்டம் மூணேகால் கட்டை. கட்டை என்றால் மைல். உன் மகனுக்குத் தெரியாது, சொல்லிக்கொடு. அந்தக் காலத்தில் பஸ்ஸில் ஏறி 'மூணேகால்' என்றால் போதும், மூணாவது கல் தாண்டியதும் கண்டக்டர் மணியடிப்பார். நாலாவது கல்லுக்கு இன்னும் முக்கால் மைல் இருக்கும். பழைய முகவரிகளில் இன்றும் 'பத்து 4½' என்று பார்க்கலாம். மலாயில் பத்து என்றால் கல், நம்ம 10 இல்லை! நாலாவது கல்லைத் தாண்டி அரை மைல், அவ்வளவுதான்.

4-ஐ விட 8 பெரிசு, அதனால் ¼-ஐ விட ⅛ பெரிசு என்று அடுத்து சொல்வான் பார். ⅛-க்கு அரைக்கால் என்ற பேரைச் சொல்லிக் காட்டு: காலில் பாதி. மைலில் அது ஒரு பர்லாங்கு, 220 கெஜம். கால் மைல் 440.

13/4 வந்தாலும் பயப்பட வேண்டாம். எண்கோட்டில் 0-விலிருந்து கால் காலாக 13 தாவல் தாவட்டும். 12-இல் மூணாவது கல் வரும், இன்னும் ஒரு தாவல் தாவினால் நம்ம தோட்டத்து வாசல்.

பள்ளி விடுமுறைக்கு அவனை அனுப்பு. கயிறு என்னிடம் இருக்கிறது, குச்சியும் மூணு சீவி வைக்கிறேன்.

அப்பா