பஜ்ஜிக் கடை எண்ணெயும் டிராக்டர் டேங்க்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசல் விலை ஏறும்போதெல்லாம் என் பட்டறைக்கு ஒரு வகை டிராக்டர் வந்து சேர்கிறது. காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது, ஆனால் புகைக்குக் குறைவிருக்காது. “பங்க்கில் கலப்படம்” என்பார் உரிமையாளர். டேங்க் மூடியைத் திறந்தால் வடை வாசனை! பலகாரக் கடையில் மிஞ்சிய எண்ணெயைத் துணியில் வடிகட்டி, டீசலோடு பாதிக்குப் பாதி ஊற்றியிருப்பார்.

1900இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் என்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். உண்மைதான். நம் கிணற்றடியில் ஓடிய பழைய ஆயில் என்ஜினும் புங்க எண்ணெயைக் கொஞ்ச காலம் தாங்கும். இன்றைய வண்டிகள் தாங்காது. தாவர எண்ணெயின் பாகுத்தன்மை டீசலைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு. அந்த டிராக்டரின் நாசிலை, அதாவது டீசலை என்ஜினுக்குள் தூவும் முனையை, கழற்றி டெஸ்டரில் மாட்டி அழுத்தினால், பனிபோலத் தூவ வேண்டியது நுனியில் சொட்டுச் சொட்டாக வடிகிறது. துளைகளைச் சுற்றிக் கரி கட்டியிருக்கிறது. அடுத்து பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும், என்ஜின் ஆயில் கெட்டியாகும். ‘அடிட்டிவ்’ புட்டி ஒன்றை ஊற்றினால் போதும் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். எத்தனால், ஈதர் போன்றவை எண்ணெயை இளக்கும், அவ்வளவே.

முறையான வழி வேறு. நூறு கிலோ எண்ணெய்க்குச் சுமார் பதினோரு கிலோ மெத்தனாலும் சிறிது காரமும் (காஸ்டிக் சோடா போன்றது) சேர்த்து வினைப்படுத்தி, அடியில் தங்கும் கிளிசரினைப் பிரித்துக் கழுவி எடுப்பதுதான் பயோடீசல். மெத்தனால் விஷம், தீப்பற்றக்கூடியது; கொல்லைப்புறத்தில் செய்கிற வேலையல்ல. தரமான பயோடீசலைக் கலந்து ஓட்டினால் பழைய டேங்கின் கசடு இளகி முதலில் ஃபில்டர் அடைக்கும். மாற்றிவிட்டால் தீர்ந்தது.

2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பது மத்திய அரசின் 2018ஆம் ஆண்டுக் கொள்கையின் இலக்கு. அதற்காக, விதையில் எண்ணெய் தரும் காட்டாமணக்கை நடுங்கள் என்று யாரும் மறுபடி கிளம்ப வேண்டாம். நட்டுவிட்டு, வாங்க ஆளில்லாமல் பிடுங்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். எண்ணெய் ஏற்கெனவே கடைத்தெருவில் இருக்கிறது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் உணவகங்கள் கணக்கு வைத்து, மிஞ்சியதை அங்கீகாரம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி உண்டு. தள்ளுவண்டிக்காரருக்கும் சிறு பஜ்ஜிக் கடைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் ஊரில் அவர்களைத் தேடி யாரும் வருவதுமில்லை. மிஞ்சியது சாக்கடைக்கோ மறுபடி வாணலிக்கோ டிராக்டருக்கோ போகிறது.

உணவுப் பாதுகாப்புத் துறையும் உள்ளாட்சி நிர்வாகமும் சேர்ந்து, வாரம் ஒருநாள் சந்தைத் திடலில் இந்த எண்ணெயை எடைபோட்டு வாங்க ஏற்பாடு செய்யட்டும். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்து, கையில் பணமும் கொடுத்தால் கடைக்காரர்கள் தாங்களாகவே கொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் மெக்கானிக்,
அரூர்.