நீல கேலக்ஸியிலதான் வெடி ஜாஸ்தி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு பதிப்புல சூப்பர்நோவா, அதாவது நட்சத்திரம் வெடிக்கிறது பத்தி வந்த பக்கத்த படிச்சேன், தமிழ் பேப்பர்ல இதுக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்குனதுக்கே முதல்ல நன்றி. ஆனா அதுல ஒரு விஷயம் தலைகீழா வந்திருக்கு. படிவம் அஞ்சு படிக்கிற என் மக அத வெட்டி ஸ்கூல் ப்ராஜெக்ட்ல ஒட்டிட்டா, அதனாலதான் எழுதுறேன், இல்லன்னா பசியாறிட்டு பேப்பர மடிச்சு வச்சிருப்பேன்.

சிவப்பு கேலக்ஸியில வயசான நட்சத்திரங்க, அதனால அங்கதான் நிறைய வெடிக்கும், நீலத்துல எல்லாம் இளசுங்க, அங்க வெடிக்காதுன்னு போட்டிருந்தீங்க. கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு, ஆனா நட்சத்திரத்துக்கு அந்த கணக்கு இல்ல. சூரியனவிட எட்டு மடங்குக்கு மேல கனமான நட்சத்திரம் கையில இருக்கிறத ஊதாரி மாதிரி எரிச்சுட்டு சில கோடி வருஷத்துக்குள்ளயே நடுப்பகுதி இடிஞ்சு வெடிச்சிரும், நம்ம சூரியனுக்கோ ஆயுசு 1000 கோடி வருஷம். அந்த கனமான ஆளுங்கதான் நீலமா பளிச்சுன்னு எரியறது. அப்ப எங்க புதுசா பொறக்குதோ அந்த வீட்டுலயேதான் சாவும், தொட்டில கழட்டறதுக்குள்ள பாடை கட்டற மாதிரி. 1987ல பெரிய மெகல்லன் மேகம்ங்கற நம்ம பக்கத்து குட்டி கேலக்ஸியில வெடிச்சத வெறும் கண்ணாலயே பாத்தாங்களே, அதுவும் இந்த வகைதான்.

வயசான, முட்டை வடிவ கேலக்ஸியிலயும் வெடிக்கும், ஆனா அது வேற ஜாதி. ஒன் ஏ டைப்னு சொல்வாங்க, எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தோட மிச்சமான வெள்ளைக் குள்ளன், பக்கத்து நட்சத்திரத்துகிட்ட இருந்து பொருள இழுத்தோ அதோட மோதியோ வெடிக்கிறது. தூரத்துல ஒரு வெடி தெரியுது, அதோட ஒளிய நிறம் நிறமா பிரிச்சு நிறமாலை எடுக்க டெலஸ்கோப் நேரம் கிடைக்கல, ஆனா அது வெடிச்ச வீடு, அதான் அந்த கேலக்ஸி, முட்டை வடிவம், சிவப்புன்னு தெரிஞ்சா அது அநேகமா ஒன் ஏ தான்னு சொல்லிடலாம். சுருள் கையோட நீலமா இருந்தா அப்படி சொல்ல முடியாது, அங்க ரெண்டு ஜாதியும் வெடிக்கும்.

இப்ப கலருக்கு வரேன், இது நம்ம ஏரியா. நான் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுல சேலைக்கடையில நிக்கிறேன். கடை லைட்டுல அரக்கா தெரியறது வாசல் வெளிச்சத்துல கத்தரிப்பூவா தெரியும், விவரம் தெரிஞ்ச அம்மாங்க சேலைய தூக்கிட்டு நேரா கடை முன்னாடி நடைபாதை அஞ்சடிக்குத்தான் போவாங்க. கேலக்ஸிய அப்படி வெளிய தூக்கிட்டுப் போய் பாக்க வழியில்ல. பிரபஞ்சம் விரிய விரிய வர்ற வெளிச்சமும் நீண்டு சிவப்பு பக்கம் தள்ளிருது, இதத்தான் ரெட்ஷிஃப்ட்னு சொல்வாங்க, ரெட்ஷிஃப்ட் 1ல இருக்கிற கேலக்ஸியில 400 நானோமீட்டர்ல கிளம்புன ஒளி இங்க 800ஆ வந்து சேருது. போதாததுக்கு தூசி வேற, பக்கவாட்டுல தெரியற இளம் சுருள் கேலக்ஸி கூட தூசியில செவந்து கிழவி வேஷம் போட்டுடும். அதனால விஞ்ஞானிங்க ரெண்டு மூணு கலர் ஃபில்டர்ல எவ்வளவு வெளிச்சம்னு அளந்து, அந்த வித்தியாசத்தத்தான் கலர்னு வச்சுக்கறாங்க, அதுல ரெட்ஷிஃப்ட்ட கழிச்சுட்டுத்தான் வயசு பேசறது.

சரி வடிவத்த நம்பலாமான்னா அதுவும் ஏமாத்தும். தூரம் போகப்போக மொத்த கேலக்ஸியே சில பிக்சல்தான், சுருள் கை மழுங்கிப்போய் உருண்டையா தெரியும். இன்னொன்னு, ரெட்ஷிஃப்ட்டால சாதா ஃபில்டர்ல வந்து விழுறது அது கிளம்புனப்ப புற ஊதாவா இருந்த ஒளி, அதுல இளம் நட்சத்திரக் கூட்டம் மட்டும் திட்டுத்திட்டா தெரிய, ஒழுங்கான சுருள் கூட பிச்சுப்போட்ட ரொட்டி சானாய் மாதிரி ஆயிரும். ஹபுள் மாதிரி கூர்மையான டெலஸ்கோப் வேணும்ங்கறது இதுக்குத்தான். ஆக கலர், வடிவம் ரெண்டையும் சேர்த்து வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா, கிட்டத்தட்ட ஒரே பிரகாசத்துல வெடிக்கற ஒன் ஏ வெடிகள வச்சு தூரம் அளந்துதான் 1998ல பிரபஞ்சம் வேகம் கூடி விரியுதுன்னு கண்டுபிடிச்சாங்க, 2011ல நோபல் பரிசும் வாங்குனாங்க. ஜாதி மாறிப்போன வெடி நடுவுல கலந்தா அளவே கெட்டுடும். அது மட்டுமில்ல, கனமான கேலக்ஸியில வெடிக்கிற ஒன் ஏ, எல்லா திருத்தமும் போட்ட பிறகும் கொஞ்சம் பிரகாசமாவே நிக்குது, 2010 வாக்குல கவனிச்சாங்க, ஏன்னு இன்னமும் சண்ட ஓயல. சிலியில ரூபின் டெலஸ்கோப் 2025ல முதல் படங்கள வெளியிட்டுருச்சு, அதுல வந்து குவியப்போற வெடிக்கெல்லாம் ஒவ்வொண்ணா நிறமாலை எடுக்க யாராலயும் ஆகாது, அப்ப வீட்டப் பாத்துத்தான் ஆள எடை போடணும்.

வர்ற ஞாயிறு ஒரு சின்ன பெட்டிச் செய்தியா திருத்தம் போடுங்க ஐயா, அதையும் வெட்டி ஒட்டச் சொல்றேன். அப்புறம், சிவப்பு கேலக்ஸின்னு நீங்க போட்ட படம் எங்க வீட்டுக்கு வந்த பேப்பர்ல பச்சையா அச்சாகியிருந்துச்சு.

ஒரு சேலைக்கடை ஊழியர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு